இணையவழிப் பள்ளி, வீட்டுக்கல்வி, திறந்தநிலைத் தேர்வு: மூன்றும் ஒன்றல்ல

“பிள்ளையை ஆன்லைன் ஸ்கூலில் சேர்த்துவிட்டோம்” என்று ஒருவர் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது நான்கு பொருள்கள் இருக்கக்கூடும். ஒருவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்திருப்பார். இன்னொருவர் ஒரு தனியார் நிறுவனத்தின் காணொளி வகுப்புகளுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டியிருப்பார். மூன்றாமவர் பிள்ளையின் பெயரை ஏதோ ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் வைத்துக்கொண்டே வீட்டிலிருந்து படிக்க வைப்பார். நான்காமவர் பள்ளியை விட்டு நிறுத்தித் தாமே பாடம் சொல்லிக் கொடுத்து, கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் மட்டும் இணைய வகுப்பை நாடுவார். நால்வரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், ஒருவருக்குப் பொருந்திய ஆலோசனையை மற்றவர் தமக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார்.

இந்தக் குழப்பம் பிள்ளை மூன்றாம் வகுப்பில் இருக்கும்போது யாரையும் உறுத்துவதில்லை. எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ சேர்க்கப் போகும்போதுதான் வெளியே தெரிகிறது. என் உறவினர் குடும்பம் ஒன்று, ஓர் இணையப் பள்ளி கொடுத்த மதிப்பெண் அட்டைகளை ஐந்து ஆண்டுகளாகக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தது. சேர்க்கைக்காக ஏறி இறங்கிய மூன்று பள்ளிகளிலும் அந்தக் கோப்பை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. “டி.சி. இருக்கிறதா?” என்ற ஒரே கேள்வியோடு பேச்சு முடிந்தது. பிள்ளை நன்றாகப் படித்திருந்தாள் என்பதை நான் நேரில் அறிவேன். ஆனால் படித்தது வேறு, படித்ததற்குச் சான்று வேறு என்பதை அவளுடைய பெற்றோருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதை முறையாக விளக்குவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

தட்டச்சு நிலையம் சொல்லும் பாடம்

நமக்கு நன்கு பழகிய ஓர் இடத்திலிருந்து தொடங்கலாம். ஊருக்கு ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் உண்டு. காலை ஆறரை மணிக்கு ஒரு தொகுதி, ஏழரை மணிக்கு அடுத்த தொகுதி என்று பிள்ளைகள் வந்து, ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று விரல்களைப் பழக்குவார்கள். சில மாதங்களில் லோயர் தேர்வு எழுதுவார்கள், பிறகு ஹையர். அந்தச் சான்றிதழை வழங்குவது இன்ஸ்டிடியூட் அன்று. அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். எவ்வளவு சிறந்த நிலையமாக இருந்தாலும், “இவர் நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் அடிப்பார்” என்று தன் முத்திரையிட்ட தாளில் எழுதிக் கொடுத்தால், அரசு வேலைக்கு அது செல்லாது.

இந்தி வகுப்பும் அப்படியே. அடுத்த தெருவில் ஓர் ஆசிரியை தம் வீட்டுத் திண்ணையில் மாலை ஐந்து மணிக்குப் பாடம் நடத்துவார். பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது தட்சிண பாரத இந்தி பிரச்சார சபை. கற்பிப்பவர் ஒருவர், சான்றளிப்பவர் வேறொருவர்.

இந்தப் படத்தில் மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார். அவரை நாம் கணக்கில் சேர்ப்பதே இல்லை. விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளையை ஐந்து மணிக்குக் கைகால் கழுவ வைத்து அனுப்புபவர், நோட்டைத் திறந்து “நேற்று கொடுத்ததை எழுதினாயா?” என்று கேட்பவர், தேர்வுக்கு முதல் வாரம் பழைய வினாத்தாளை எடுத்துவந்து உட்கார்த்துபவர். அவர் இல்லாவிட்டால் நல்ல ஆசிரியரும் நல்ல தேர்வு அமைப்பும் இருந்தும் பயனில்லை.

வழக்கமான பள்ளி இந்த மூன்று வேலைகளையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றுக்கொள்கிறது. அங்கே ஆசிரியர் கற்பிக்கிறார். பள்ளி நிர்வாகம் பிள்ளையைப் பதிவேட்டில் வைத்து, ஆண்டுதோறும் தேர்ச்சி கொடுத்து, பத்தாம் வகுப்பில் அரசுத் தேர்வுக்கோ வாரியத் தேர்வுக்கோ பெயரை அனுப்புகிறது. காலை ஒன்பது மணி முதல் மாலை நான்கு மணி வரை பிள்ளையை உட்கார வைத்து, எழுப்பி, சாப்பிட வைத்து, சண்டை தீர்த்து, நோட்டைத் திருத்தி நடத்துவதும் பள்ளியே. மூன்றும் ஒரே இடத்தில் நடப்பதால் அவை மூன்று தனி வேலைகள் என்பதே நமக்குத் தெரியாமல் போய்விட்டது.

இதுவரை பார்த்தது: பள்ளியின் வேலைகள் மூன்று. கற்பித்தல், சான்றளித்தல், உடனிருந்து நடத்துதல். படிப்பு வீட்டுக்கு வரும்போது இவை தனித்தனியே பிரிகின்றன; ஒவ்வொன்றையும் யார் செய்வது என்று தனித்தனியே முடிவு செய்ய வேண்டும்.

சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

வீட்டுக்கல்வி என்பது, பிள்ளையின் படிப்புக்கான முழுப் பொறுப்பையும் பெற்றோரே ஏற்பது. எதைப் படிப்பது, எந்த வேகத்தில், யாரிடம் என்பதையெல்லாம் அவர்களே தீர்மானிக்கிறார்கள். இணையம் இல்லாமலும் இதைச் செய்யலாம்.

இணையவழிப் பள்ளி என்பது, கால அட்டவணை, ஆசிரியர், பாடத்திட்டம், வீட்டுப்பாடம் ஆகியவற்றைத் திரை வழியாகத் தரும் நிறுவனம். மூன்று வேலைகளில் முதலாவதை அது செய்கிறது. இரண்டாவதைச் செய்ய அதற்கு அதிகாரம் உண்டா என்பது தனிக் கேள்வி. பெரும்பாலான தனியார் நிறுவனங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை.

திறந்தநிலைப் பள்ளி என்பது, தினமும் வகுப்பறைக்கு வர இயலாதவர்களுக்காக ஏற்படுத்தப்பட்ட கல்வி வாரியம். பாடநூல் தரும், தேர்வு நடத்தும், சான்றிதழ் வழங்கும். அன்றாடம் பாடம் நடத்துவதைத் தன் முதன்மை வேலையாக அது கொள்வதில்லை.

தனித்தேர்வர் என்பவர், எந்தப் பள்ளியின் மாணவராகவும் இல்லாமல் நேரடியாக விண்ணப்பித்துப் பொதுத்தேர்வு எழுதுபவர். இச்சொல் நம் ஊரில் நெடுநாளாகப் புழங்குகிறது. தோற்றவர்கள் மறுபடி எழுதுவதை மட்டுமே அது குறிக்கும் என்று பலர் நினைத்தாலும், முதன்முறை எழுதுபவரும் தனித்தேர்வராக விண்ணப்பிக்க வழி உண்டு.

வீட்டிலிருந்து படிப்பது 2020-இல் கொரோனாவோடு பிறந்தது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் 1951-இல் ‘ஸ்கூல் ஆஃப் தி ஏர்’ என்னும் வானொலிப் பள்ளி தொடங்கியது. ஒரு மாட்டுப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூறு, இருநூறு கிலோமீட்டர் வெறும் செம்மண் கிடக்கும் நாடு அது. விமானத்தில் பறந்து வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்காக அமைக்கப்பட்டிருந்த இருவழி வானொலியைக் கொண்டே அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அந்தப் பள்ளியின் எல்லை ஏறக்குறைய 13 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு. இன்று வானொலியின் இடத்தில் செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது.

அந்தப் பள்ளியில் நாம் கவனிக்க வேண்டியது தொழில்நுட்பத்தை அன்று. ஒவ்வொரு பண்ணை வீட்டிலும் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். தாயாகவோ, அதற்கென்றே அமர்த்தப்பட்டவராகவோ இருப்பார். அவரை ‘வீட்டு ஆசிரியர்’ என்றே அழைத்தார்கள். வானொலியில் ஆசிரியரின் குரல் கேட்கும் நேரம் சிறிது. மீதிப் பள்ளி நாளை அவரே நடத்தினார். பிள்ளைகள் ஆண்டில் சில முறை நகரத்துக்கு வந்து ஒன்றாகத் தங்கிப் படித்தார்கள். மூன்றாவது வேலைக்கு ஓர் ஆளை நியமிக்காமல் தொலைவழிக் கல்வி நடக்காது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டார்கள்.

திரைக்கு இந்தப் பக்கம் என்ன நடக்கிறது

இணைய வகுப்புகள் இரண்டு வகைப்படும். ஆசிரியரும் மாணவர்களும் ஒரே நேரத்தில் திரையில் கூடுவது நேரலை வகுப்பு. முன்பே எடுத்து வைத்த காணொளியைப் பிள்ளை தனக்கு வசதியான நேரத்தில் பார்ப்பது பதிவு வகுப்பு. நேரலையில் கேள்வி கேட்கலாம், ஆனால் மின்சாரம் போனால் வகுப்பும் போகும். பதிவில் நிறுத்தி மறுபடி பார்க்கலாம், ஆனால் கேட்பதற்கு ஆள் இல்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் காட்டிலும் பெரிய விஷயம், இரண்டுக்கும் பொதுவான ஒரு குறை. அதை என் தங்கை வீட்டில் ஒரு காலைப்பொழுதில் பார்த்தேன்.

தங்கை மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி, அதற்கு முன்னால் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. கழித்தல் நடந்துகொண்டிருந்தது. 503-இலிருந்து 168-ஐக் கழிக்கும்படி ஆசிரியை சொன்னார். அவள் எழுதினாள்: மூன்றிலிருந்து எட்டு போகாது, கடன் வாங்க வேண்டும், பக்கத்தில் சுழி, அதனிடம் ஒன்றும் இல்லை, ஐந்திடம் போய் ஒன்று வாங்கினாள், ஐந்தை அடித்து நான்கு ஆக்கினாள், சுழியைப் பத்து ஆக்கினாள், மூன்றைப் பதின்மூன்று ஆக்கினாள். பதின்மூன்றில் எட்டு போனால் ஐந்து. பத்தில் ஆறு போனால் நான்கு. நான்கில் ஒன்று போனால் மூன்று. விடை 345. “எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று திரையில் கேள்வி வந்தது. இருபத்தெட்டுச் சின்னக் கட்டங்களில் கட்டை விரல்கள் உயர்ந்தன. இவளும் உயர்த்தினாள்.

சரியான விடை 335. அவள் கணக்குத் தெரியாதவள் இல்லை. ஒன்பது படிகளில் எட்டைச் சரியாகச் செய்திருந்தாள். பத்தான இலக்கம் தன் பங்கிலிருந்து ஒன்றை அடுத்த இலக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் ஒன்பதாகக் குறைய வேண்டும் என்ற ஒரே படியைத் தவறவிட்டாள். ஒரு வகுப்பறையில் ஆசிரியை பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வரும்போது, அந்த அடித்தல் திருத்தலைத் தோளுக்கு மேலிருந்து பார்த்த கணமே கண்டுபிடித்திருப்பார். திரையில் அவருக்குத் தெரிந்தது அவள் முகமும் கட்டை விரலும் மட்டுமே. நோட்டு கேமராவுக்குக் கீழே இருந்தது.

நான் மேசை இழுப்பறையிலிருந்து ஐந்து நூறு ரூபாய்த் தாள்களையும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களையும் எடுத்து வைத்தேன். “இதிலேர்ந்து எனக்கு எட்டு ரூபா சில்லறை குடு” என்றேன். ஒரு நூறை மாற்றிப் பத்து பத்து ரூபாயாக வைத்தோம். அதில் ஒரு பத்தை மாற்றிச் சில்லறையாக்கினோம். “இப்ப எத்தனை பத்து ரூபா இருக்கு?” என்று கேட்டதும், எண்ணிப் பார்த்துவிட்டு, “ஒம்பதுதான் பெரியம்மா” என்றாள், நோட்டை இழுத்துத் தானே திருத்தினாள். நான்கு நிமிட வேலை. அந்த நான்கு நிமிடம் அன்று கிடைக்காமல் போயிருந்தால், அதே பிழை வகுத்தலுக்குள்ளும் தசமத்துக்குள்ளும் போயிருக்கும்.

கற்றலின் உண்மையான இயக்கம் இதுதான். பாடம் பிள்ளையை நோக்கிப் போவது பாதி வழி. பிள்ளை என்ன புரிந்துகொண்டது என்பது ஒரு பெரியவருக்குத் திரும்பித் தெரிவதும், அவர் அதைத் தொட்டுத் திருத்துவதும் மீதிப் பாதி. திரை முதல் பாதியை மிக நன்றாகச் செய்கிறது. ஒரு நல்ல ஆசிரியரைத் திருநெல்வேலியிலும் தருமபுரியிலும் ஒரே நேரத்தில் பேச வைக்கிறது. பூமி சுழல்வதைக் கரும்பலகையால் இயலாத வகையில் அசைத்துக் காட்டுகிறது. இரண்டாம் பாதி, பிள்ளையின் வயது குறையக் குறைய, திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவரையே சார்ந்திருக்கிறது. எனவே ஓர் இணையப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் காணொளியின் அழகைப் பார்ப்பதைவிட, பிள்ளை கையால் எழுதிய நோட்டை யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை திருத்துகிறார் என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பது இரண்டாம் கேள்வி.

நேரத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. பள்ளி ஏழு மணி நேரம் என்றால் திரையும் ஏழு மணி நேரம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். 2020 ஜூலையில் மத்திய அரசு ‘பிரக்யாதா’ என்ற பெயரில் வெளியிட்ட இணையவழிக் கல்வி வழிகாட்டுதல், முன்மழலையருக்கு நாளொன்றுக்கு 30 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்றது. 1 முதல் 8 ஆம் வகுப்பு வரை 30 முதல் 45 நிமிட அளவில் இரண்டு அமர்வுகள், 9 முதல் 12 ஆம் வகுப்பு வரை நான்கு அமர்வுகள் என்று எல்லை வகுத்தது. அதாவது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு நேரலை வகுப்பு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டியதில்லை. மீதி நேரம் புத்தகம், நோட்டு, மண், சைக்கிள், சமையலறை.

சுருக்கமாக: இணைய வகுப்பு பாடத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். பிள்ளையின் பிழையைக் கண்டு திருத்தும் வேலையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்க வேண்டும்.

சான்றிதழ் எங்கிருந்து வருகிறது

இனி இரண்டாவது வேலைக்கு வருவோம். இந்தியாவில் வீட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் பொருந்தும் வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். பேச்சு வழக்கில் என்.ஐ.ஓ.எஸ். 1979-இல் சி.பி.எஸ்.இ. ஒரு சிறு திட்டமாகத் தொடங்கியது, 1989-இல் மத்திய அரசின் தன்னாட்சி நிறுவனமாயிற்று. பத்தாம் வகுப்புக்கு இணையான இடைநிலைத் தேர்வையும் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான மேல்நிலைத் தேர்வையும் நடத்துகிறது. இடைநிலையில் சேரக் குறைந்தது 14 வயது, மேல்நிலைக்கு 15 வயது. அதற்குக் கீழே ஏ, பி, சி என்று மூன்று நிலைகளில் அடிப்படைக் கல்வித் தேர்வுகள் உண்டு. அவை முறையே 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு இணை.

அதன் நடைமுறை வழக்கமான பள்ளியிலிருந்து முக்கியமான சில இடங்களில் மாறுபடுகிறது. பட்டியலிலிருந்து ஐந்து பாடங்களைத் தேர்ந்துகொள்ளலாம். தமிழ் ஒரு மொழிப்பாடமாக இருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேர்வுகள் தொடங்கும். ஐந்து பாடங்களையும் ஒரே தவணையில் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை செய்த பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. இரண்டு பாடம் இந்த ஏப்ரலில், இரண்டு அக்டோபரில், ஒன்று அடுத்த ஏப்ரலில் என்று பிரித்து எழுதலாம். விளையாட்டிலோ இசையிலோ நாள் முழுவதும் பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கும், நீண்ட சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கும், கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் இந்தத் தளர்வு பேருதவி. ‘ஓப்பன் ஸ்கூல்’ என்றாலே படிக்காதவர்கள் போகும் இடம் என்று முகம் சுளிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகளைப் படிப்பை விட்டுவிடாமல் தாங்கிப் பிடித்திருக்கும் ஏற்பாடு அது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே தேர்வெழுத விரும்பினால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தனித்தேர்வர் வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது நிறைந்த பிள்ளை எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். அதில் தேறியபின் உரிய வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு அறிவியலுக்குச் செய்முறைப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அதற்கு முன்கூட்டியே பதிவு செய்யாமல் விட்டு, எழுத்துத் தேர்வு நெருங்கும்போது தவிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

சி.பி.எஸ்.இ. வழி அப்படி இல்லை. அது பள்ளிகளுக்கு இணைவு வழங்கும் வாரியம். இணைவு என்றால், ஒரு பள்ளியின் நிலம், கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் தகுதி ஆகியவற்றைப் பார்த்து, அப்பள்ளி மாணவர்களைத் தன் தேர்வுக்கு ஏற்றுக்கொள்ளும் அனுமதி. கட்டடமே இல்லாத இணையப் பள்ளிக்கு அது கிடைக்காது. மாணவர் ஒன்பதாம் வகுப்பிலேயே இணைவு பெற்ற பள்ளி ஒன்றின் வழியாகப் பதிவாகியிருக்க வேண்டும். வருகை 75 சதவீதம் வேண்டும். “நாங்கள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம்” என்று ஓர் இணைய நிறுவனம் விளம்பரம் செய்தால், அந்த வாரியத்தின் பாடநூல்களைக் கொண்டு பாடம் நடத்துகிறார்கள் என்பதே அதன் பொருள். பாடத்திட்டம் வேறு, இணைவு வேறு. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தவர்கள் ஏமாறுவது மிகவும் குறைவு.

இந்த இடத்தில்தான் தொடக்கத்தில் சொன்ன மூன்றாமவர் வருகிறார். பிள்ளையின் பெயர் ஒரு பள்ளியில், பிள்ளை வீட்டில் அல்லது பயிற்சி மையத்தில். இதை ‘டம்மி ஸ்கூல்’ என்கிறார்கள். எல்லாரும் செய்கிறார்கள் என்பதற்காக இது முறையாகிவிடாது. 2024 மார்ச்சில் சி.பி.எஸ்.இ. 20 பள்ளிகளின் இணைவை ரத்து செய்தபோது, வகுப்புக்கு வராத மாணவர்களின் பெயர்களைப் பதிவேட்டில் வைத்திருந்ததும் அதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. அத்தகைய ஏற்பாட்டில் பள்ளி செய்யும் தவறின் விளைவைச் சுமப்பது பிள்ளை.

வெளிநாட்டு வாரியங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் வாரியம் நடத்தும், பத்தாம் வகுப்புக்கு நிகரான ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். ஆனால் தனித்தேர்வர்களை ஏற்கும் மையத்தை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும், ஒரு பாடத்துக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகும்.

உயர்கல்வியைப் பொறுத்தவரை, சேர விரும்பும் படிப்பின் தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு படித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அவை மாறுகின்றன. 2018-இல் நீட் தேர்வுக்கான அறிவிப்பு திறந்தநிலைப் பள்ளி மாணவர்களை விலக்கியது; அதே ஆண்டு மே மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த இடைப்பட்ட மாதங்களில் விண்ணப்பத்தோடு காத்திருந்த பிள்ளைகளின் மனநிலையை எண்ணிப் பார்த்தால், விதிகளை முன்கூட்டியே படிப்பதன் அவசியம் விளங்கும்.

சுருக்கமாக: பாடம் நடத்துபவர் யாராக இருந்தாலும், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் ஒரு வாரியத்திடமிருந்தே வரும். எந்த வாரியம், எந்த வயதில், யார் வழியாக என்ற மூன்றுக்கும் விடை தெரியாமல் பள்ளியிலிருந்து பெயரை எடுக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. அதன் 10 ஆம் பிரிவு, பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. அந்தக் கடமையைச் செய்யாத பெற்றோருக்குச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. வீட்டுக்கல்வி என்ற சொல்லும் அதில் இல்லை. அனுமதிக்கவும் இல்லை, பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை. சிலர் இதை “முழுக்கச் சட்டபூர்வமானது” என்றும், சிலர் “பெற்றோரைக் கைது செய்வார்கள்” என்றும் சொல்கிறார்கள். இரண்டும் சட்டத்தில் இல்லாத பேச்சு. ஆனால் அங்கீகாரம் பெறாமல் பள்ளி நடத்துவதற்கு 18 ஆம் பிரிவில் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, கட்டணம் வாங்கி, ஒரு வீட்டில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் நடத்தத் தொடங்கும்போது அது வீட்டுக்கல்வியின் எல்லையைத் தாண்டி இந்தப் பிரிவின் பக்கம் நகரக்கூடும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் எமிஸ் எண், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் தகவல் இணையதளத்தில் தரப்படும் அடையாள எண், இருக்கிறது. பள்ளியை விட்டு விலகும் பிள்ளையின் விவரம் அந்த இணையதளத்தில் பொதுத் தொகுப்புக்குப் போகும். வேறு எந்தப் பள்ளியும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளாவிட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்கும் ஆசிரியர் பயிற்றுநர் ஒருநாள் வீட்டுக்கு வருவார். அவரைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை, அவரோடு வாதாட வேண்டியதும் இல்லை. வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளையும், குழந்தைத் திருமணத்தில் சிக்கிய சிறுமிகளையும் தேடிக் கண்டுபிடிப்பது அந்தக் கணக்கெடுப்புதான். பிள்ளையின் நோட்டுகளையும் பதிவுச் சீட்டையும் எடுத்துக் காட்டி, மரியாதையாகப் பேசி அனுப்புவதே முறை.

மூன்றாவது வேலை

இதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. உடனிருந்து நடத்துவது ஒரு முழு ஆளின் வேலை, நம் வீடுகளில் அந்த ஆள் பெரும்பாலும் தாய். காலை வகுப்புக்கு எழுப்புவது, இணைப்பு அறுந்தால் சரிசெய்வது, “வேற டேப் திறக்காதே” என்று பார்த்துக்கொள்வது, நோட்டைத் திருத்துவது, அழுதால் தேற்றுவது ஆகிய அனைத்தும் அவர்மீது விழும்போது, சமையலும் அலுவலகமும் எங்கும் போய்விடுவதில்லை. 2020-லும் 2021-லும் இதை ஒவ்வொரு வீடும் அனுபவித்தது. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையைத் தனியே திரையின் முன் உட்கார வைத்து அதை வீட்டுக்கல்வி என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பதினைந்து வயதுக்கு மேல் கதை வேறு. அந்த வயதில் தானாக உட்காரப் பழகிய பிள்ளைக்கு வாரத்துக்கு இரண்டு முறை ஒரு பெரியவர் சரிபார்த்தால் போதும்.

தோழமை இந்த வேலையின் ஒரு பகுதி. பள்ளியில் அது யாரும் ஏற்பாடு செய்யாமலே கிடைக்கிறது; வீட்டில் ஏற்பாடு செய்தால்தான் கிடைக்கும். தெருவில் கிரிக்கெட், நூலகம், சிலம்ப வகுப்பு என்று ஒவ்வொரு நாளும் வேறு பிள்ளைகளோடு இரண்டு மணி நேரமாவது இருக்கும்படி கால அட்டவணையிலேயே எழுதி வைக்க வேண்டும். ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டால் அந்த நேரம் கிடைப்பதில்லை.

திரும்பி வரும் வழி

பள்ளியை விட்டு விலகும்போது மாற்றுச் சான்றிதழை, அதாவது டி.சி.யை, வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு மனம் மாறினாலும் கதவு திறந்தே இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி, பள்ளியில் சேராத அல்லது இடையில் விட்ட பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். பின்தங்கியிருந்தால் சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ இடம் மறுக்கவும் முடியாது. என் உறவினர் மகளும் அலைந்து சலித்தபின் அருகிலுள்ள அரசுப் பள்ளியில், வயதுக்குரிய எட்டாம் வகுப்பில் சேர்க்கப்பட்டாள். தலைமை ஆசிரியை அவளிடம் ஒரு பக்கம் தமிழ் படிக்கச் சொல்லி, இரண்டு கணக்குப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, அன்றே பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த உரிமை தொடக்கக் கல்விக்கு, அதாவது எட்டாம் வகுப்பு வரைக்கும் மட்டும் உரியது. ஒன்பதாம் வகுப்பில் சேர முறையான எட்டாம் வகுப்புச் சான்று கேட்பார்கள். ஆகவே பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறையும் ஆண்டில் பெற்றோரும் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டும்: பள்ளிக்குத் திரும்புவதா, பன்னிரண்டரையில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதுவதா, பதினான்கில் என்.ஐ.ஓ.எஸ். இடைநிலைக்குப் பதிவு செய்வதா. மூன்றில் எதைத் தேர்ந்தாலும், விண்ணப்பம் செய்ய வேண்டிய மாதத்தை அன்றே நாட்காட்டியில் குறித்து வைத்துவிட வேண்டும்.